வீட்டுக்கு ஒரு வாக்கு

ஈஸ்ட் ஹாம், லண்டன்
12.09.1993

அன்புள்ள அக்காவுக்கு,

இது நடக்கும் என்று நான் முன்னமே சொன்னேன். தவமலர் பிறந்த அன்று ஆஸ்பத்திரி விறாந்தையில் நின்று, "இது சபையில எழும்பி நிண்டு கதைக்கப்போற பிள்ளை" என்று சொன்னவன் நான்தான். அப்போது எனக்குப் பத்து வயது. நீங்கள் மயக்கத்தில் கிடந்ததால் உங்களுக்குக் கேட்டிருக்காது.

முதலில் சுகச்செய்தி. நானும் கல்யாணியும் குறையில்லாமல் இருக்கிறோம். என் இடுப்பு நாரிப்பிடிப்பு குளிர் வர முன்னமே வந்துவிட்டது. உங்கள் முழங்கால் எப்படி? கொழும்புக்குப் போகும் ஒருவரிடம் இந்தக் கடிதத்தையும் ஒரு போத்தல் தைலத்தையும் கொடுத்துவிடுகிறேன்.

விஷயம் இதுதான். உங்கள் மகள் இங்கே கவுன்சில் தேர்தலில் நிற்கப் போகிறாள். ஊரில் நகரசபை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நிற்பதற்கு முதல் ஒரு படி தாண்டவேண்டும். எங்கள் வட்டாரத்துக் கட்சி உறுப்பினர்கள் கூடி, யாரை நிறுத்துவது என்று தங்களுக்குள் வாக்குப் போட்டுத் தெரிவுசெய்வார்கள். கூட்டம் நவம்பரில். எதிராக நிற்பவர் கோயில் சபைத் தலைவர் அருட்பிரகாசம். நல்ல மனிதர். பேசத் தொடங்கினால்தான், பூசை முடிந்து நடை சாத்தினாலும் முடிக்கமாட்டார்.

நீங்கள் யோசிக்கவே வேண்டாம். இங்கே தமிழ்ச் சனத்தைக் கட்சியில் சேர்த்ததே நான்தான். ஹை ஸ்ட்ரீட் நோர்த்தின் இரண்டு பக்கமும் ஏறி இறங்கி, ஊர்ச் சங்கத்துக்குச் சேர்க்கிற முறைப்படியே, வீட்டுக்கு ஒரு பெயர் என்று ஒரு வீடு விடாமல் சேர்த்தேன். கட்சியின் வட்டாரத் தலைவர் ஹொப்கின்ஸ் என்னைக் கேட்காமல் தும்முவதுமில்லை.

காலை மடித்து இருக்காதீர்கள்.

தம்பி
தியாகராஜா


கோண்டாவில்
04.11.1993

தம்பி தியாகு,

கடிதம் வந்தது. தைலம் வரவில்லை. உன் நாரிக்கு நீயே கொஞ்சம் பூசியிருப்பாய் என்று நினைத்துக்கொண்டேன். நான் நடமாடுகிறேன். இங்கே லாம்பெண்ணெய் கிடைப்பது அருமை, அதனால் பகலிலேயே எழுதி முடிக்கிறேன்.

தவம் பிறந்தது வீட்டில், மருத்துவிச்சி கையில். ஆஸ்பத்திரி விறாந்தையில் நீ யாரைப் பார்த்து அப்படிச் சொன்னாயோ தெரியாது.

இந்த வேலை அவளுக்கு வேண்டாம் என்று சொல். சின்னவளுக்கு நாலு வயது. மருமகனுக்கு இரவு ஷிப்ட். இவள் கூட்டம் கூட்டமென்று போனால் பிள்ளையை யார் பார்ப்பது? முன்னுக்கு வந்து நிற்கிற பெண்ணைச் சனம் அவள் உடுத்த சேலையிலிருந்து பிடித்துக் கதைக்கத் தொடங்கும். எங்கே போய் முடிக்கும் என்று சொல்ல ஏலாது.

அவள் இதைப்பற்றி எனக்கு ஒரு வரி எழுதவில்லை. ஏன் என்று நான் கேட்கப் போவதில்லை. நீயும் கேட்காதே.

கல்யாணியைக் கேட்டதாகச் சொல். குளிருக்குக் காதை மூடு.

அக்கா
சிவனேஸ்வரி


ஈஸ்ட் ஹாம்
10.12.1993

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது கூட்டம் நடந்து முடிந்துவிட்டது. அதனால் நீங்கள் வேண்டாம் என்றதை அவளிடம் சொல்ல அவசியம் வரவில்லை. உங்கள் சுகம் அறிந்து நிம்மதி. இங்கே இருமலைத் தவிர வேறொன்றும் இல்லை.

கூட்டம் நடந்த சிறப்பைக் கேளுங்கள். மண்டபம் நிறைந்த சனம். நான் முன்வரிசையில், நடுக் கதிரையில். தவம் நீலச் சேலையில் வந்தாள். அவள் வாசலில் கால் வைத்ததுதான் தாமதம், ஹொப்கின்ஸ் நேரே நடந்து போய்த் தன் கையாலேயே அவளிடம் தேநீர்க் கோப்பையை நீட்டினார். வெள்ளைக்காரன் காட்டும் மரியாதையில் அது உச்சம். எனக்குக்கூட அப்படிச் செய்ததில்லை.

அருட்பிரகாசம் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். பிறகு தவம் பேசினாள். அவள் வேலை செய்யும் ஆலோசனை நிலையத்துக்கு வரும் தாய்மாரைப் பற்றியும், சுவரெல்லாம் ஈரம் ஊறிப் பிள்ளைகள் இழுப்பில் கிடக்கும் கவுன்சில் வீடுகளைப் பற்றியும் சொன்னாள். அதற்குப் பிறகு கேள்வி நேரம். ஹொப்கின்ஸ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு கேட்டார்: "எங்கட கூட்டமெல்லாம் பின்னேரத்திலதான். உங்களுக்குச் சின்னப் பிள்ளை. ஆர் பாக்கிறது?"

பின்னாலிருந்து கோயில் செயலாளர் சுப்பிரமணியன் தமிழில் ஒரு போடு போட்டான். "முதல்ல புருஷனிட்டக் கேட்டிட்டோ வந்தவா?" கொஞ்சப் பேர் சிரித்தார்கள். அந்த நேரம் மருமகன் வீட்டில் சின்னவளுக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தான் என்பது அந்த மடையனுக்குத் தெரியாது.

தவம் கலங்கவில்லை அக்கா. எழும்பினாள். "என்ர அம்மா வகுப்பறைக் கூரை வளையில சீலை ஏணை கட்டி, என்னை அதில போட்டு, வலது கால்ல கயித்தைக் கொழுவி ஆட்டி ஆட்டி அம்பது பிள்ளையளுக்குக் கணக்குப் படிப்பிச்சவா. அந்த வகுப்பில ஒருத்தரும் அழேல்லை, ஒருத்தரும் பெயிலாகேல்லை. அந்த ஏணையில வளந்தவள் நான். இனிக் கேளுங்கோ, என்ன கேக்கப்போறியள்?"

கைதட்டல் ஓய நெடுநேரம் போனது. ஹொப்கின்ஸ் கண்ணாடியைத் துடைத்தார். கண்ணையும்.

பிறகு துண்டில் எழுதி வாக்குப் போட்டார்கள். இடம் போதவில்லை, நிறுத்துகிறேன். முழங்காலில் சுடுதண்ணீர் ஒற்றுங்கள்.

தியாகராஜா


கோண்டாவில்
15.02.1994

தம்பி தியாகு,

நான் சுகம். முழங்கால் அப்படியே. உன் இருமலுக்குக் கொத்தமல்லியை அவித்துக் குடி.

நாலு பக்கம் எழுதினாய். அவள் வென்றாளா தோற்றாளா என்று எழுத மட்டும் இடம் போதவில்லை. ஆகவே எனக்கு விளங்கிவிட்டது.

அந்த வகுப்பில் ஒருவரும் பெயிலாகவில்லை என்பது பொய். பின்வரிசை வாங்கில் இருந்த நீ பெயிலானாய்.

ஏணைக் கதையை அவளுக்கு யார் சொன்னது? நான் அதை ஒருநாளும் அவளுக்குச் சொன்னதில்லை.

இன்னொன்று. அந்த அருட்பிரகாசத்துக்கு எத்தனை பிள்ளைகள்? கூட்டத்துக்குப் போனால் அவர்களை யார் பார்ப்பது என்று அவரிடம் யாராவது கேட்டார்களா? இதை நான் கோபத்தில் கேட்கவில்லை. கிணற்றடியில் நிற்கும்போது திடீரென்று யோசனை வந்தது. வாளியைக் கிணற்றுக்குள் விட்டுவிட்டேன்.

தவம் எப்படி இருக்கிறாள்? சாப்பிடுகிறாளா? உள்ளதை உள்ளபடி எழுது. உனக்கு அது ஏலாதென்றால் கல்யாணியை எழுதச் சொல்.

அக்கா


ஈஸ்ட் ஹாம்
20.04.1994

அன்புள்ள மச்சாளுக்கு,

உங்கள் சுகத்துக்கு முருகனை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். உங்கள் தம்பி கடைக்குப் போயிருக்கிறார். அவர் வர முதல் எழுதி முடிக்கவேண்டும்.

தவம் தோற்றுப்போனாள். மூன்று வாக்கில். ஒரு கிழமை வேலைக்குப் போகவில்லை. இப்போது போகிறாள், சாப்பிடுகிறாள், ஆனால் சத்தமாகச் சிரிப்பதில்லை.

ஹொப்கின்ஸ் கோப்பை நீட்டியது உண்மை மச்சாள். அது வெறும் கோப்பை. குடித்து முடித்துவிட்டு, கழுவுகிற ஆளென்று நினைத்து அவளிடம் கொடுத்தார். அவளும் வாங்கிக்கொண்டு அடுக்களைப் பக்கம் வந்தாள். நான்தான் கையிலிருந்து பறித்தேன். "வேட்பாளர் கோப்பை கழுவுறேல்லை, போ பிள்ளை" என்றேன். சிரித்தபடிதான் போனாள். ஆனால் முகம் கறுத்துவிட்டது.

மூன்று வாக்கு. அடுக்களைக்குள் தேநீர் ஊற்றிக்கொண்டு நின்ற பெண்கள் அதைவிடக் கூடுதல். எல்லாரும் அவளுக்காக வந்தவர்கள். ஒருத்திக்கும் வாக்கில்லை. உங்கள் தம்பி ஆட்களைச் சேர்த்தபோது வீட்டுக்கு ஒரு பெயர் என்று சேர்த்தார். அந்த ஒரு பெயர் எல்லா வீட்டிலும் ஆம்பிளையின் பெயர். எங்கள் வீட்டிலும்தான். வீட்டுக்கு ஒன்று என்று கட்சியில் ஒரு சட்டமும் கிடையாது, அது எங்கள் ஊர்ச் சங்கத்து வழக்கம் என்று தவம் எனக்குப் பிறகுதான் விளங்கப்படுத்தினாள். இவருக்கும் விளங்கியது. இரண்டு நாள் பேசாமல் திரிந்தார். அவர் இரண்டு நாள் பேசாமல் இருந்ததை நான் கலியாணம் கட்டிய நாளிலிருந்து கண்டதில்லை.

அருட்பிரகாசத்தாருக்கு மூன்று பிள்ளைகள். அவரை ஒருவரும் கேட்கவில்லை.

அந்தக் கேள்விக்குத் தவம் என்ன சொன்னாள் என்பது, அடுக்களைக்குள் தண்ணீர் கொதித்த சத்தத்தில் எனக்கு வடிவாகக் கேட்கவில்லை.

நேற்று நான் கட்சியில் சேர்ந்துவிட்டேன். என் பெயரில்.

அன்பு மச்சாள்
கல்யாணி


ஈஸ்ட் ஹாம்
26.06.1994

அன்புள்ள அக்காவுக்கு,

கல்யாணி உங்களுக்கு எழுதியதாகச் சொன்னாள். அவள் எழுதுவதெல்லாம் சரியாகத்தான் இருக்கும், ஆனால் உப்புப் புளி இருக்காது. நாங்கள் சுகம். நீங்களும் அப்படியே இருக்கவேண்டும்.

தோல்வி என்று நினைக்காதீர்கள். அருட்பிரகாசத்தை மே மாதம் வெல்லவிட்டது எங்கள் பெருந்தன்மை. இப்போது நான் ஒரு புதுத் திட்டம் வகுத்திருக்கிறேன். பெண்களைச் சேர்ப்பது. கல்யாணிதான் ஃபாரஸ்ட் கேட் பக்கம்வரை வீடு வீடாகப் போகிறாள், நான் குடை பிடிக்கிறேன். திட்டம் என்னுடையது, கால் அவளுடையது.

சுப்பிரமணியன் வாசலில் மறித்தான். "அண்ணை, ஒரு அடுப்பு எரியிற வீட்டுக்கு ரெண்டு வோட்டோ? நியாயமோ இது?"

நான் பதில் யோசிக்க முதல் அவன் மனைவி உள்ளேயிருந்து, "அடுப்பை எரிக்கிறது ஆரப்பா? அப்ப அந்த வோட்டு எனக்கெல்லோ வரவேணும்?" என்றாள். அன்றைக்கே சேர்ந்துவிட்டாள். அவனுக்கு அன்று இரவு கடையில் வாங்கிய பாண்தான் என்று கேள்வி.

சேர்ந்து சில மாதம் போனால்தான் இந்த வாக்குக் கிடைக்கும். போகட்டும். நான் பொறுமைக்குப் பெயர் போனவன்.

ஏணைக் கதையை யார் சொன்னது என்று கேட்டிருந்தீர்கள். லண்டனில் சில செய்திகள் தன்பாட்டில் வந்து சேரும். தபால்காரன் வருகிறான், முடிக்கிறேன்.

தியாகராஜா


கோண்டாவில்
30.08.1994

என் அன்பு மகள் தவத்துக்கு,

நீயும் மருமகனும் சின்னவளும் நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும். எனக்கு ஒரு குறையுமில்லை. இதை உன் முகவரிக்கே எழுதுகிறேன். மாமா கையில் கிடைத்தால் இதற்கு வாலும் கொம்பும் முளைக்கும்.

கூட்டத்தில் நீ ஏணையைப் பற்றிச் சொன்னாய் என்று அவன் எழுதியிருந்தான். நீ சொன்னாயா இல்லையா என்று நான் உன்னைக் கேட்கவில்லை. அவன் அந்த வகுப்பில் இருந்தவன். அவனுக்குத் தெரிந்ததை அவன் எழுதினான். தெரியாததை நான் எழுதுகிறேன்.

உனக்கு நாலு மாதம். அப்பாவுக்குத் தெற்கில் வேலை. உன்னைப் பார்க்க ஆளில்லை. என் கல்யாணச் சேலை ஒன்றைக் கிழித்து ஏணை கட்டினேன். கயிறு இடது காலில், வலது காலில் இல்லை. வலது கை கரும்பலகையில் எழுதும்போது வலது காலில் பாரம் நிற்கும்.

ஒருநாள் பள்ளிக்கூடத்தைச் சோதிக்க வித்தியாதரிசி வந்தார். பிள்ளைகள் எழும்பினார்கள். நானும் எழும்பினேன். கயிறு இழுபட்டு நீ அழுதாய். அவர் சிரித்தார். கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். "டீச்சர், இது பள்ளிக்கூடமோ, பிள்ளை பாக்கிற மடுவமோ?" என்றார். பிள்ளைகளும் சிரித்தார்கள். ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை. பின்வாங்கில் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். அடுத்த நாள் நான் ஏணையை அவிழ்த்துவிட்டேன். உன்னை அயல்வீட்டில் விட்டேன். நீ அங்கே பால் குடிக்கவில்லை.

கனகாலத்துக்குப் பிறகு தலைமை ஆசிரியர் பதவிக்கு விண்ணப்பிக்கச் சொன்னார்கள். அப்போது நீ தலை பின்னிப் பூவைத்துப் பள்ளிக்கூடம் போகிற பெரிய பிள்ளை. உன்னைப் பார்க்க யாரும் தேவையில்லை. அப்படியிருந்தும் நான் விண்ணப்பிக்கவில்லை. பிள்ளையை யார் பார்ப்பது என்று ஒருவரும் என்னைக் கேட்கவில்லை மகள். நானே என்னைக் கேட்டுக்கொண்டேன்.

போன வருஷம் மாமாவுக்கு எழுதிய கடிதத்திலும் அதே கேள்வியை எழுதினேன். நீ அதைப் பார்த்திருக்க மாட்டாய் என்று நம்புகிறேன். பார்த்திருந்தாலும், அதை எழுதியது உன் அம்மா இல்லை, அந்த வித்தியாதரிசி என்று நினைத்துக்கொள்.

திரும்பவும் ஒரு இடம் வந்தால், நில் பிள்ளை.

அம்மா


ஈஸ்ட் ஹாம்
16.11.1994

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் மூவரும் சுகம். சின்னவளுக்கு முன்பல் ஆடுகிறது. அதை உங்களுக்கு எழுதச் சொன்னாள். வேறெதையும்விட அதுதான் முக்கியமாம்.

உங்கள் கடிதம் போன கிழமைதான் கிடைத்தது. வேலைக்குப் போகும் வழியில் பஸ்ஸில் வாசித்தேன். இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டி இல்ஃபோர்ட் வரை போய்விட்டேன்.

மாமா எழுதியதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. மாமாவை உங்களுக்குத் தெரியும். ஆனால் அம்மா, இப்போது அந்தக் கதை எனக்குத் தெரியும்.

உங்களுக்கு முன்னமே எழுதாதது என் பிழை. நீங்கள் வேண்டாம் என்று எழுதினால், அதை மீறி நிற்கிற தைரியம் எனக்கு இருந்திருக்காது. அதுதான் காரணம், வேறொன்றுமில்லை.

எங்கள் வட்டாரத்துக் கவுன்சிலர்களில் ஒருவர் நோய் வருத்தத்தால் விலகுகிறார். ஜனவரியில் திரும்பவும் ஆளைத் தெரிவுசெய்யும் கூட்டம். நான் பெயர் கொடுத்திருக்கிறேன். எதிராக நிற்பவர் பெனடிக்ற். இரட்டைப் பிள்ளைகளின் தகப்பன், எங்கள் வயதுக்காரர். அதே மண்டபம், அதே ஹொப்கின்ஸ். உங்கள் மருமகன் அன்றைக்கு ஷிப்ட் மாற்றிவிட்டுச் சின்னவளையும் தூக்கிக்கொண்டு வருகிறாராம். போன முறை வீட்டில் நின்று ஒரு வாக்கை வீணாக்கியது போதும் என்கிறார்.

எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. இடது காலை இப்போதே ஆட்டிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள்
தவம்


ஈஸ்ட் ஹாம்
05.02.1995

அன்புள்ள அக்காவுக்கு,

வென்றாள்! இம்முறை அதை முதல் வரியிலேயே எழுதிவிட்டேன், பாருங்கள். கவுன்சில் தேர்தல் மார்ச்சில் வருகிறது. ஆனால் பெரிய படியைத் தாண்டிவிட்டாள். உங்கள் முழங்கால் இந்தச் செய்தியில் பாதி சுகமாகவேண்டும். கல்யாணிக்கும் எனக்கும் உடம்பில் ஒரு நோவும் தெரியவில்லை.

மண்டபத்தில் முதல் அதிசயம், தேநீர் ஊற்ற ஆளில்லை. பெண்களெல்லாரும் கதிரையில். அடுக்களை யன்னலில் கல்யாணி ஒரு மட்டையில் எழுதி வைத்திருந்தாள்: இன்று தேநீர் நீங்களே ஊற்றுங்கள். அருட்பிரகாசம் அந்தக் கொதிகலத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார், எங்கே திருகுவது என்று தெரியாமல்.

கேள்வி நேரத்தில் ஹொப்கின்ஸ் கண்ணாடியைக் கழற்றினார். அதே கேள்வி. பிள்ளையை யார் பார்ப்பது? உடனே கல்யாணி எழும்பினாள். தனக்குத் தெரிந்த இங்கிலீசில், "ரெண்டு பேரிட்டையும் கேளுங்கோ. அங்கால ரெட்டைப் பிள்ளை" என்றாள். நீங்கள் கிணற்றடியில் யோசித்ததை நான் அவளுக்கு வாசித்துக் காட்டியிருந்தேன்.

ஹொப்கின்ஸ் பெனடிக்ற்றைப் பார்த்தார். பெனடிக்ற் கழுத்துப் பட்டியைத் தளர்த்திக்கொண்டு, "அது... மனிசி பாப்பா" என்றான்.

இரண்டாம் வரிசையிலிருந்து அவன் மனைவி மெற்றில்டா. "ஆரப்பா உமக்குச் சொன்னது?"

மண்டபம் குலுங்கியது. இதில் நான் ஒரு சொல்லும் கூட்டவில்லை அக்கா, கூட்டத் தேவையில்லை.

பிறகு தவம் எழும்பினாள். "பாக்கிறவர் அங்க பின்னால நிக்கிறார்" என்று கையைக் காட்டினாள். மருமகன் சுவரோடு நின்றான், தோளில் சின்னவள் நித்திரை. அதன்பிறகு அவள் ஏணையைப் பற்றிச் சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள். அம்மாவின் கல்யாணச் சேலை என்றாள். இடது கால் என்றாள். வித்தியாதரிசி சிரித்ததைச் சொன்னாள், மறுநாள் ஏணை அவிழ்ந்ததைச் சொன்னாள். "என்ர அம்மா கேள்விக்குப் பதில் சொல்லேல்லை. ஏணையை அவிட்டா. நான் அவிழ்க்கமாட்டன்" என்று சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டாள். ஒருவரும் கைதட்டவில்லை. ஹொப்கின்ஸ் தன் வெறும் கோப்பையை எடுத்துக்கொண்டு தானே அடுக்களைப் பக்கம் நடந்தார். அதற்குப் பிறகுதான் தட்டினார்கள்.

சேலை, இடது கால், இதெல்லாம் நான் உங்களுக்கு எழுதாத விவரம். நான் வலது கால் என்று எழுதியிருந்தேன். அப்போதே எனக்கு விளங்கிவிட்டது, நீங்கள் அவளுக்கு எழுதியிருக்கிறீர்கள். ஆகவே நான் ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் வேண்டும். நீங்கள் எப்போதோ கண்டுபிடித்திருப்பீர்கள். இருந்தாலும் என் வாயால் வரட்டும்.

போன முறை அந்தக் கேள்வி வந்தபோது அவள் எழும்பினாள், நின்றாள், "அடுத்த கேள்வி" என்று சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்தாள். அவ்வளவுதான். நான் முன்வரிசையிலும் இல்லை, பின்வாங்கில் இருந்தேன். எழும்பி ஒரு சொல் சொல்லப் பார்த்தேன், இருமல்தான் வந்தது. உங்கள் வகுப்பிலும் எனக்கு அப்படித்தான், வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து உங்களுக்கு எழுத உட்கார்ந்தபோது, அவள் என்ன சொல்லியிருக்கலாம் என்று யோசித்துப் பார்த்தேன். என் வாழ்க்கையில் நான் கண்ட பெரிய பதில் வளையில் தொங்கிய அந்த ஏணை ஒன்றுதான். அதை எடுத்து அவள் வாயில் வைத்தேன்.

ஏணை உண்மை. நீங்கள் உண்மை. அவள் அன்றைக்கு அதைச் சொன்னாள் என்பது மட்டும் நான் கட்டியது.

தம்பி
தியாகு